மாவு பொங்குவது கைராசியாலா?

வாசகர் கடிதம்: வணக்கம் சார். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். மகன் ஒன்பதாவது படிக்கிறான். அறிவியலில் மார்க் குறைந்துகொண்டே வருகிறது. கேட்டால், "அணு, விசை, ஆவியாதல்னு இதெல்லாம் எதுக்கும்மா? நான் என்ன சயின்டிஸ்டா ஆகப்போறேன்? நம்ம கடையைத்தானே பாத்துக்கப்போறேன்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் இன்னொன்று கேட்டான். மாவு நன்றாகப் பொங்குவது கைராசியால்தான் என்று என் மாமியார் சொல்வார். இவன் புத்தகத்தில் பாக்டீரியா என்று போட்டிருக்கிறதாம். "எதும்மா சரி?" என்றான். அதற்கும் முழித்தேன். அவனுக்கு நான் என்ன சொல்வது? அதிகம் படிக்காத அம்மா இதில் என்ன செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகனின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாட்டி ஒன்று சொல்கிறார், புத்தகம் ஒன்று சொல்கிறது. இரண்டில் ஒன்றைப் பேசாமல் நம்பிவிட்டுப் போகாமல், "எதும்மா சரி?" என்று நின்று கேட்டிருக்கிறான். 31 வருடம் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கும் பையனுக்கு அறிவியல் வராது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவன் சலித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. ஆவியாதல் என்றால் என்ன என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு பையன் ஒரு எழுத்துப் பிசகாமல் வரையறையை எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். அன்று மதியம் மழையில் நனைந்துவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உனக்கு மட்டும் ஏன்டா குளிருது?" என்று கேட்டேன். "ஃபேன் காத்து சில்லுன்னு இருக்கு சார்" என்றான். அதே காற்று, பக்கத்தில் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தவனுக்குக் குளிரவில்லை. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்பதைக் காலையில் எழுதிய அதே பையன்தான். அவனுக்கு நான் சொல்லைக் கொடுத்திருந்தேன், பொருளைக் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது. உங்கள் மகனுக்கும் இதுவரை வெறும் சொற்கள்தான் கிடைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

சரி, மாவுக்கு வருவோம்.

புத்தகம் சொல்வது உண்மைதான். உளுந்திலும் அரிசியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இயல்பாகவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முக்கியமாக உளுந்தில். அரைத்த மாவில் ஈரம், மாவுச்சத்து, சூடு மூன்றும் கிடைத்ததும் அவை மளமளவென்று பெருகுகின்றன. மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அது கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது. கூடவே புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலமும் உண்டாகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைக் குமிழி குமிழியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் வாயு வந்தாலும் தங்காது. நல்ல உளுந்து கிடைக்காத வாரத்தில் இட்லி தட்டையாகிப் போவது உங்களுக்குத் தெரியாததா?

கோடையில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதற்குள் மாவு பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். அதே வாயுதான். மார்கழியில் மாவு எழும்பாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான். இந்த உயிர்களுக்கு 30 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டம் பிடிக்கும். குளிர்ந்தால் வேலை மெதுவாகும், ஃபிரிட்ஜில் வைத்தால் ஏறக்குறைய நின்றே போகும். மார்கழியில் மாவுப் பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைக்கச் சொல்வது உங்கள் மாமியாராகத்தான் இருக்கும். பாக்டீரியா என்ற பெயர் தெரியாமலே அதற்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள் அந்தத் தலைமுறைப் பெண்கள். பல வருடம் கண்ணால் பார்த்து, தப்பி, திருத்திச் சேர்த்த அறிவு அது.

அப்படியென்றால் கைராசி? இங்கேதான் நிதானம் வேண்டும். புத்தகத்தில் பாக்டீரியா என்று இருப்பதால் பாட்டி சொல்வது பொய் என்று பையன் முடிவுகட்டிவிடக் கூடாது. 'கைராசி' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து கிடக்கின்றன. கையால் கலந்தால் கரண்டியால் கலப்பதைவிட நன்றாகப் பொங்கும் என்பது ஒன்று. யார் கையால் கலந்தாலும் சரியில்லை, இன்னார் கையால் கலந்தால்தான் பொங்கும் என்பது இன்னொன்று. தண்ணீர்ப் பதம், உளுந்து அரைபடும் பதம் எல்லாம் தொட்டுப் பார்த்தே தெரியும் கைப்பழக்கம் மூன்றாவது. இந்த மூன்றாவதை நான் சந்தேகப்படவே மாட்டேன். முதல் இரண்டையும் உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள், ஒரே கிரைண்டரில் அரைத்த மாவு, அளந்து போட்ட ஒரே உப்பு. பாதியை நீங்கள் கையால் கலக்குங்கள், மீதியை நீங்களே கரண்டியால் கலக்குங்கள். இரண்டையும் ஒரே ஆள் கலக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்றை மாமியார் கையாலும் மற்றதை நீங்கள் கரண்டியாலும் கலந்துவிட்டால், வித்தியாசம் வந்தது கையாலா ஆளாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு டம்ளரிலும் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். காலையில் பையன் ஸ்கேலை வைத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது, நான்கைந்து நாள் செய்ய வேண்டும். மறு வாரம், மாமியார் ஒரு டம்ளரைக் கையால் கலக்கட்டும், நீங்கள் ஒன்றைக் கையால் கலக்குங்கள். அப்புறம் ஒரு நாள் ஒரே மாவில் ஒரு டம்ளரை அடுப்பங்கரையிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் வைத்துப் பாருங்கள். இதில் மட்டும் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லிவிடலாம், ஃபிரிட்ஜில் இருப்பது ரப்பர் பேண்டை விட்டு அசையாது. கை விஷயத்தில் முடிவை நான் சொல்ல மாட்டேன். அவன் நோட்டு சொல்லட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அளந்து பார், எழுதி வை, திரும்பச் செய். ஆய்வுக்கூடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறவர்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள். புதிய மருந்து வேலை செய்கிறதா, புதிய நெல் ரகம் அதிகம் விளைகிறதா, எல்லாவற்றையும் பார்ப்பது இப்படித்தான்.

இதில் இன்னொரு படியும் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாமியார், "தின்னு பாத்தே சொல்லிடுவேன், இது கையால கலந்ததா கரண்டியால கலந்ததான்னு" என்று சொல்லக்கூடியவராக இருந்தால், 100 வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1920-களில் அங்கே ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வேலை பார்த்தார். ஒரு நாள் தேநீர் நேரத்தில், பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. ஃபிஷர் அதைச் சோதிக்க ஒரு வழி யோசித்தார். எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். வரிசையைக் கலைத்துப்போட்டுக் கொடுக்க வேண்டும். எந்த நான்கு பால் முதலில் ஊற்றியவை என்று அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழிகள் உண்டு, அதில் ஒன்றுதான் முழுச் சரி. ஆக, சும்மா குருட்டாம்போக்கில் சொல்லி எல்லாமே சரியாக அமைய 70-இல் 1 வாய்ப்புத்தான். அப்படிச் சரியாகச் சொல்லிவிட்டால், அவர் நாக்கில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று நம்ப நியாயம் உண்டு. 1935-இல் ஃபிஷர் எழுதிய நூலில் இந்த டீக் கோப்பை சோதனையைத்தான் விளக்கமாக எடுத்துவைத்தார். இன்று உலகம் முழுக்கப் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் எட்டு இட்லி போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேல் தட்டு இட்லியும் அடித்தட்டு இட்லியும் ஒரே மாதிரி வேகாது. எனவே ஒரே தட்டில் பாதிக் குழிகளில் இந்த மாவு, பாதியில் அந்த மாவு என்று ஊற்ற வேண்டும். எது எந்தக் குழி என்பது பையனுக்கு மட்டும் தெரியட்டும். பரிமாறும் உங்களுக்கும் தெரியக் கூடாது, உங்கள் முகத்தைப் பார்த்தே மாமியார் கண்டுபிடித்துவிடலாம். இதையெல்லாம் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். "பாட்டி ஏமாத்தாம, நாமளும் ஏமாறாம இதை எப்படிச் செய்யலாம்?" என்று அவனிடம் கேளுங்கள். தட்டு விஷயம் அவனுக்கே தோன்றினால், அந்த வருடத்து அறிவியல் பாடத்தில் பெரிய பகுதி அவனுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி. நான் கடையைத்தானே பார்க்கப்போகிறேன், எதற்கு இது?

அவனிடம் நேர்மையாகச் சொல்லுங்கள், புத்தகத்தில் இருப்பது எல்லாமே கடைக்கு உதவாது. தனிம வரிசை அட்டவணை முழுவதும் மாவுக் கடைக்குத் தேவைப்படும் என்று நான் சொன்னால் அவன் என்னை நம்ப மாட்டான், நம்பவும் கூடாது. ஆனால் அடிப்படையான சில விஷயங்கள் உண்டு. அவை எங்கே போனாலும் கூடவே வரும்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். எல்லாப் பொருளும் மிக மிகச் சிறிய துகள்களால் ஆனது, அந்தத் துகள்கள் ஒரு நொடிகூட ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. சூடு என்பதே அந்த அசைவின் வேகம்தான். இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டு உங்கள் கடை வாசலில் இருக்கும் மண்பானையைப் பாருங்கள். பானையின் நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகிறது. அந்த ஈரத்தில் எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகமாக ஓடுகிறவை மட்டும் பிய்த்துக்கொண்டு காற்றில் போய்விடுகின்றன. மெதுவானவை மிஞ்சுகின்றன. மிஞ்சியவற்றின் வேகம் குறைவு என்றால் சூடு குறைவு என்று அர்த்தம். அதனால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் இப்படி ஆவியாகிப் போகும்போது எடுத்துச் செல்லும் சூடு, ஏறக்குறைய 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. பானையிலிருந்து குறைவது கொஞ்சம் தண்ணீர்தான், கிடைக்கும் குளிர்ச்சி பெரிது.

இதைப் புரிந்துகொண்டவனுக்கு மற்ற கேள்விகள் தானாக அவிழும். சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் ஜில்லென்று இருக்கும் பானை, சென்னையில் கடற்கரைப் பக்கம் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை? அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, போகும் துகள்களுக்கு ஏறக்குறைய ஈடாகத் திரும்பி வரும் துகள்களும் இருக்கின்றன. எவர்சில்வர் குடம் ஏன் குளிர்வதில்லை? வெளியே கசிவு இல்லை. நனைந்த சட்டையோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த பையனுக்கு ஏன் குளிர்ந்தது? அவன் தோல்தான் அன்றைக்குப் பானை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நான்கு பாடம். ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரே பாடம். சோம்பேறித்தனப்படும் பிள்ளைக்குக்கூட இதில் லாபம்தான்.

ஆற்றல் பாடத்தையும் இப்படியே கடைக்குக் கொண்டுவந்துவிடலாம். கிரைண்டர் மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் சுமார் முக்கால் யூனிட். உங்கள் மாதாந்தர ஓட்டத்தை அவனே கணக்கிட்டு, மீட்டரோடு ஒப்பிடட்டும். கணக்கைவிட மீட்டர் அதிகம் காட்டினால் மிச்சம் எங்கே போகிறது என்று தேடட்டும். மோட்டார் சுடுவதும் கல் உரசிச் சத்தம் போடுவதும் மாவு வெதுவெதுப்பாக இருப்பதும் எல்லாம் அந்த மின்சாரத்தின் கணக்கில்தான் சேரும். ஆற்றல் எங்கும் தொலைந்துபோவதில்லை, உருவம் மாறி எங்கேயாவது இருக்கும்.

கடைக்கு வெளியே, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. கேட்பதற்குச் சரி மாதிரியே தோன்றும். ஆனால் குழந்தையைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிப்போவதுதான். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், குடலின் சுவர் சர்க்கரையை எப்படி உள்ளே இழுக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பில் உள்ள சோடியமும் கைகோத்துக்கொண்டு கூடவே போகிறது என்று 1960-இல் சொன்னார். சோடியம் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடலைப் பற்றிய ஒரு சின்ன உண்மை, அவ்வளவுதான்.

பதினோரு வருடம் கழித்து, 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பொங்காவ் என்ற எல்லையோர ஊரின் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துகொண்டே வந்தது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் குறைவு. திலீப் மஹலானாபிஸ் என்ற மருத்துவர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கரைத்துப் பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே மொண்டு மொண்டு வாயில் கொடுத்தார்கள். அதற்கு முன் நோயாளிகளில் 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசல் கொடுத்த பிறகு இறந்தவர்கள் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடிவிட்டால் கெடுதல். இதைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். உப்போடு சர்க்கரையும் ஏன் வேண்டும் என்று காரணம் தெரிந்த அம்மா, யார் என்ன சொன்னாலும் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்த மாட்டார்.

கிரேன் அந்த ஆராய்ச்சியைச் செய்யும்போது பொங்காவ் என்று ஒரு ஊர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை போதுமானதாக இருந்தது. மனிதர்கள் அறிவியல் படிப்பதற்குப் பாதிக் காரணம் தேவை என்றால், மீதிப் பாதி இந்த ஆசைதான். எனக்கு இந்த இரண்டாவது பாதியில்தான் மனம் அதிகம் லயிக்கும்.

"நான் என்ன சயின்டிஸ்டா ஆகப்போறேன்" என்கிறான் அல்லவா, அவனுக்கு சி. வி. ராமனைப் பற்றி ஒன்று சொல்லுங்கள். நோபல் பரிசு வாங்கினார் என்பது அவன் புத்தகத்திலேயே இருக்கும். அவர் கணக்கு அலுவலராக இருந்தவர் என்பதைச் சொல்லுங்கள். திருச்சியில் பிறந்த ராமன், 1907-இல் 18 வயதில் அரசின் நிதித்துறை வேலையில் சேர்ந்து கல்கத்தாவுக்குப் போனார். பத்து வருடம் அந்த வேலையைப் பார்த்தார். கல்கத்தாவில் இருந்தபோதெல்லாம் ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்ச் சோதனைகள் செய்தார். வீணையும் மிருதங்கமும் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்பதும் அவர் ஆராய்ந்தவற்றில் உண்டு. 1917-இல்தான் வேலையை விட்டுப் பேராசிரியரானார்.

1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். கடல் நீலமாக இருப்பது வானத்தின் நீலம் அதில் தெரிவதால்தான் என்று ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ராமன் விடவில்லை. கையில் வைத்திருந்த ஒரு பட்டகத்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. இன்னும் ஆழமாகத்தான் தெரிந்தது. ஆக, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அங்கே ஆரம்பித்த தேடல், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த சோதனைகள் வழியாக, 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவாக, அதாவது ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற கண்டுபிடிப்பாக, வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு. இன்று ஒரு மாத்திரை அசலா போலியா என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒளியைப் பாய்ச்சியே சொல்லிவிடும் கையடக்கக் கருவிகள் அந்த விளைவை வைத்து வேலை செய்கின்றன.

கப்பல் மேல்தளத்தில் ராமன் செய்ததும் நீங்கள் ரப்பர் பேண்டு போட்டுச் செய்யப்போவதும் ஒரே காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் ஒரு காரணம் சொல்கிறார். அந்தக் காரணத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பார்க்க ஒரு வழி தேடுகிறோம். உங்கள் மகன் கடையைத்தான் பார்க்கப்போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒருவர் வந்து இந்தப் பொடியைக் கலந்தால் மாவு மூன்று நாள் கெடாது என்பார். இன்னொருவர் இந்தக் கருவியை மாட்டினால் கரண்ட் பில் பாதியாகும் என்பார். மாவில் என்னமோ கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும், வாடிக்கையாளர் உங்கள் முகத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார். சொல்கிறவர் பெரிய ஆளா சின்ன ஆளா என்று பார்த்து நம்புகிறவனாக அவன் இருந்தால், சட்டை நன்றாகப் போட்டவனெல்லாம் அவனை ஏமாற்றலாம். "எப்படித் தெரியும்? பாதி மாவுல போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்கத் தெரிந்தால் பிழைத்துக்கொள்வான். அறிவியல் படிப்பு ஏழைக்குத்தான் அதிகம் வேண்டும் என்று நான் நம்புவது இதனால்தான். வசதியுள்ளவன் ஒரு முறை ஏமாந்தாலும் எழுந்துவிடுவான்.

கடைசியாக, அதிகம் படிக்காத அம்மா என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். விடை தெரிய வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. "எனக்குத் தெரியலடா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவனிடம் சொல்ல முடிந்தால் போதும். பல வீடுகளில், படித்த பெற்றோருக்கே இந்த ஒரு வாக்கியம் வாயில் வருவதில்லை. காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்கும் வழியை 1831-இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்கு இருந்தபோது, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துக் கற்றவர்.

மார்க் விஷயத்துக்கும் வழி இருக்கிறது. அவன் ஒரு பாடத்தை மனப்பாடம் செய்ய உட்காரும் முன், அந்தப் பாடத்தில் உள்ளது நம் கடையில் எங்கே நடக்கிறது என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லட்டும். அமிலம், காரம் பாடம் என்றால், புளித்த மாவில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் ஏன் நுரைக்கிறது, புளிக்காத மாவில் ஏன் அவ்வளவு நுரைப்பதில்லை என்று பார்த்துவிட்டு வரட்டும். பிறகு வரையறையைப் படித்தால் அது ஏற்கெனவே தெரிந்த ஆளின் பெயரைக் கேட்பது மாதிரி மனதில் நிற்கும். தேர்வுக்கு எழுதிப் பார்ப்பதும் வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரிசை மட்டும் மாறட்டும்: முதலில் பார்ப்பது, அப்புறம் எழுதுவது.

எட்டு இட்லி சோதனையைச் செய்தால் முடிவை எனக்கு எழுதுங்கள், பையன் நோட்டில் குறித்த அளவுகளோடு சேர்த்து. உங்கள் மாமியார் எட்டையும் சரியாகச் சொல்லிவிட்டால், உடனே எழுத வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டு, இன்னொரு நாளும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.